மாப்பிள்ளை முன்னுக்கு வந்த தொல்லை

எங்கள் துப்பாக்கிக் கிளப்பில் போட்டி முடிவுகளைக் கடைசி இடத்திலிருந்துதான் வாசிப்போம். முதலிடத்திலிருந்து ஆரம்பித்தால் மூன்றாவது பெயருக்குமேல் கேட்க ஆள் இருக்காது. அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வாசிக்கிறவன் நான். செயலாளர் என்ற பட்டத்தை என் தலையில் கட்டிய நாளிலிருந்து, தொண்டை கட்டினாலும் நான்தான் கத்தியாக வேண்டும். ஆனால் முதல் பெயரை மட்டும் நான் காகிதத்தைப் பார்த்து வாசித்ததே இல்லை.

"மாப்பிள்ளை" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து நிற்பார். நாலு பக்கமும் திரும்பி, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி கும்பிடு போடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்புவார். "கடைசி சீட்டு ரிசர்வ் ஆயிடுச்சுங்க. நீங்க மேல எங்கயாவது எடம் பாத்துக்குங்க" என்பார். இறுகிப் போயிருந்த முகங்கள் அங்கே கொஞ்சம் இளகும்.

அவர் என் தங்கையைக் கட்டியவர். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறேன். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கிளப்பும் பிடித்துக்கொண்டது. வயது ஐம்பதைத் தாண்டி, முடி அவரைத் தாண்டிப் போன பிறகும் அவர் ஊருக்கே மாப்பிள்ளையாகத்தான் இருந்தார். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் யார் என்று யாராவது கேட்டால், "மாப்பிள்ளையோட மச்சான்" என்று பதில் வரும். சொந்தமாகத் திரைச்சீலைக் கடை வைத்து, செயலாளராகவும் இருக்கிற எனக்கு இது தேவைதான்.

அவருக்குத் தொழில் பல் செட்டு செய்வது. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டுப் பக்கவாட்டில் இருக்கிற ஒடுக்கமான அறையில் உட்கார்ந்து செய்வார். ஜன்னலோரம் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு சின்ன மோட்டார், அரங்கள், மெழுகு உருக்குகிற விளக்கு. அலமாரி முழுக்க பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள். அந்த அறைக்குள் நுழைந்தால் யார் யாரோ நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பல் சரியாக உட்காரவில்லை என்று ஆட்கள் நேரே வீட்டுக்கே வருவதும் உண்டு. "கடிச்சுப் பாருங்க" என்பார். கடிப்பார்கள். வாங்கி ஒரு இழுப்பு அரம் போடுவார். "இப்பக் கடிச்சுப் பாருங்க." இன்னொரு இழுப்பு. வந்தவர் திருப்தியாகத் தலையாட்டும்வரை இது நடக்கும். நல்ல தொழில்காரர் என்று பெயர் வாங்கியது இந்தப் பொறுமையால்தான்.

துப்பாக்கி விஷயத்தில் அவரைக் கெடுத்ததும் அதேதான். எங்கள் விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் இது விளங்காது. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், ஆளுயரத்துக்கும் மேலே காகித டார்கெட்டுகள் வரிசையாக நிற்கும். நாங்கள் தரையில் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். டார்கெட்டுகளுக்கு அடியில், பெரிய மண்மேட்டின் மறைவில், நீளமாக ஒரு குழி. கிளப்பில் பாதிப்பேர் சுடும்போது மீதிப்பேர் அந்தக் குழிக்குள் இருப்பார்கள். குண்டு பாய்ந்ததும் டார்கெட்டைக் கீழே இழுத்து, ஓட்டையில் ஒரு வட்டச் சில்லைச் செருகி, மறுபடி மேலே ஏற்றுவார்கள். சுட்டவர் தொலைநோக்கியில் சில்லைப் பார்த்துத் தன் யோக்கியதையைத் தெரிந்துகொள்வார். நட்டநடுவில் என்றால் ஐந்து. விலக விலகக் குறையும். காகிதத்திலேயே படவில்லை என்றால் குழியிலிருந்து ஒரு சிவப்புக் கொடியை ஆட்டுவார்கள். அந்தக் கொடி சுட்டவருக்கு மட்டுமல்ல, மைதானத்துக்கே தெரியும்.

குண்டு இடப்பக்கம் போனால் துப்பாக்கியில் ஒரு திருகைக் கொஞ்சம் திருப்பிக் குறியை வலப்பக்கம் நகர்த்தலாம். அதற்காகத்தான் அந்தத் திருகு இருக்கிறது. ஆனால் ஒரு குண்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. நாலைந்து சுட்டுப் பார்த்து, காற்றுக் கொடிகளையும் பார்த்துத்தான் தொட வேண்டும். மாப்பிள்ளை ஒவ்வொரு குண்டுக்கும் தொடுவார். சுடுவார், பார்ப்பார், ஒரு திருப்பு. சுடுவார், பார்ப்பார், எதிர்ப்பக்கம் ஒரு திருப்பு. அரம் பிடித்த விரல் சும்மா இருக்காது. நான் குழியில் இருக்கும்போது அவர் டார்கெட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். பாத்திரத்தைச் சுற்றி எலி ஓடின மாதிரி, நடுவட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டைகள். நடுவில் மட்டும் ஒன்றுமே இருக்காது.

"மாப்பிள்ளை, அதைத் தொடாம ஒரு நாள் சுடுங்களேன்."

"எப்படி மச்சான் தொடாம இருக்கிறது? தப்பா இருக்குன்னு தெரியுதே."

இதற்குமேல் அவரிடம் பேச முடியாது. ஆடத் தெரியாதவர்கள் மேடையைக் கோணல் என்பார்கள். எங்கள் ஆட்களும் காற்றை, தோட்டாவை, குழியில் இருப்பவனை என்று எல்லாரையும் திட்டுவார்கள். இவர் யாரையும் திட்ட மாட்டார். திருகைத் திருப்பிவிட்டுச் சந்தோஷமாகக் கடைசியில் வருவார்.

நானும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் எங்கள் கிளப்பே அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வருகிறவர்கள் ஒற்றைக் கண்ணை இடுக்கினால் குண்டு தானாகப் போய் நடுவில் விழும் என்ற நினைப்பில் வருவார்கள். முதல் நாள் மாலையில் முழங்கை தேய்ந்திருக்கும், தோள் வீங்கியிருக்கும், கண்ணை மூடினால் சிவப்புக் கொடி ஆடும். இரண்டாவது வாரம் வீட்டில் விருந்தாளி என்பார்கள். மூன்றாவது வாரம் போனை எடுக்க மாட்டார்கள். ஒருவர் போனால் எனக்குக் குழியில் டார்கெட் இழுக்கிற இரண்டு கையும் போகிறது. குழியில் ஆள் இல்லாவிட்டால் வக்கீலே வந்து படுத்தாலும் வெயில் காய்ந்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். வக்கீல் என்பது எங்கள் நிரந்தர சாம்பியன். வருடக் கப்பு அவர் வீட்டிலேயேதான் இருக்கும். துடைப்பதற்காக மட்டும் எங்கள் அலமாரிப் பக்கம் கொண்டுவந்து காட்டுவார்.

இப்படி ஓடப் பார்க்கிறவர்களை மாப்பிள்ளை தன் கடைசி இடத்தைக் காட்டியே பிடித்து வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சுடுகிற மனிதரைவிட நாம் மேல் என்ற எண்ணம் இருக்கிறதே, அது வீங்கின தோளுக்குத் தைலம். அடுத்த வாரமும் வருவார்கள். பழகிவிடுவார்கள். இன்றைக்கு எங்களிடம் நன்றாகச் சுடுகிற பலர் அப்படித் தேறினவர்கள்தான்.

அந்த வருடம் புதிதாக நாலு பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் டிரைவரம்மா. காலமெல்லாம் நகரப் பேருந்து ஓட்டி, ஓய்வு பெற்ற கையோடு எங்களிடம் வந்தவர். நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். எல்லாரும் அவருக்குத் தம்பிதான், வக்கீல்கூடத் தம்பிதான். முதல் நாள் வரிசையாகச் சிவப்புக் கொடி ஆடியதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் வாழ்க்கைல பாக்காத சிவப்பா? பச்சை எப்ப வரும்னு மட்டும் சொல்லு" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. இந்த அம்மாள் நிற்பார் என்று நினைத்தேன். அந்த வாரம் மாப்பிள்ளைக்கு ஒரு படி மேலே வந்தார். அடுத்த வாரமும் அப்படியே.

பிறகுதான் அந்தப் பிசின் விவகாரம் நடந்தது.

மாப்பிள்ளையின் துப்பாக்கிக் கட்டையில் ஒரு விரிசல் விட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் தச்சரிடம் போவார்கள். இவர் பல் செட்டுக்கு ஊற்றுகிற பிசினைக் கலக்கி விரிசலில் ஊற்றினார். ஈறு நிறத்துப் பிசின். ஊற்றிவிட்டு, யாருக்கோ பல் கடிக்கவில்லை என்று வாசலுக்குப் போனார். திரும்பி வருவதற்குள் பிசின் வழிந்து திருகுக்குள் இறங்கி இறுகிவிட்டது. இடுக்கியைப் போட்டு முறுக்கியும் திருகு அசையவில்லை. மறுநாள் காலையில் போட்டி. துப்பாக்கிக்கு ஈறு முளைத்த கோலத்தில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு என்னத்தை மச்சான் சுடுறது. திருப்ப முடியலையே."

"திருப்பினப்போ மட்டும் என்னத்தைக் கிழிச்சீங்க? படுங்க" என்றேன்.

திருகு நகராது என்றால் ஒரு வழிதான் உண்டு. நடுவில் விழுந்த முதல் குண்டுக்குக் காற்று எப்படி இருந்ததோ அப்படித் திரும்பி வருகிறவரை காத்திருந்து சுட வேண்டும். காத்திருக்க இந்த மனிதருக்குச் சொல்லியா தர வேண்டும். காற்றுக் கொடி சாய்கிற சாய்வைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தார். அது பழையபடி வந்ததும் சுட்டார். மறுபடி படுத்துக் கிடந்தார். நான் குழியில் இருந்தேன். டார்கெட்டைக் கீழே இழுத்ததும், இது வக்கீலுடையது, தப்பாக இழுத்துவிட்டோம் என்று நினைத்து எண்ணைச் சரிபார்த்தேன். நடுவட்டத்துக்குள் ஓட்டைகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு இருந்தன.

அன்று மாலை முதல் பெயராக நான் வாசித்தது டிரைவரம்மாவை. பழக்க தோஷத்தில் மாப்பிள்ளை பாதி எழுந்துவிட்டார். அப்புறம் உட்கார்ந்தார். அவர் மேலிருந்து நாலாவது. யாரும் சிரிக்கவில்லை; எங்கே சிரிப்பது என்று தெரியவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் வந்தவர் அடுத்த வாரம் பசை வாளியோடு குழியில் நின்று, டார்கெட்டில் விழுந்த ஓட்டைகளை எல்லாம் காகிதத் துண்டு ஒட்டி மூட வேண்டும். மாப்பிள்ளை கையில் அந்த வாளி இருந்தவரை அது ஒரு தண்டனை என்றே யாருக்கும் தோன்றியதில்லை. டிரைவரம்மா கைக்குப் போனதும்தான் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். ஓட்டைகளை ஒட்டிக்கொண்டே போனார். அடுத்த போட்டியிலும் அவர் கடைசி. மாப்பிள்ளை இரண்டாவது. அதற்குள் மற்ற மூன்று புதியவர்களில் மருந்துக்கடைக்காரர் வீட்டில் விருந்தாளி வந்துவிட்டார்கள். இரட்டையர்கள் போனை எடுக்கவில்லை.

டிரைவரம்மா போனை எடுக்காத ரகம் இல்லை. என் கடைக்கே நேரில் வந்தார்.

"தம்பி, வருஷக் கப்பு போட்டிக்கு வர்றேன்னு சொல்லிட்டேன், அதனால வந்துடுறேன். அதோட நிறுத்திக்கிறேன். கிளப்ல எனக்குக் குடுத்த கோட்டைத் தொவச்சுக் கொண்டாந்து குடுத்துடுறேன்."

"என்னம்மா இது, இப்பத்தானே ஆரம்பிச்சீங்க."

"வண்டில ஏறின அன்னைக்கே எனக்கு ஓட்ட வந்துச்சு தம்பி. இது வரலை. வராததைப் பிடிச்சு இழுக்கிற வயசா எனக்கு? அந்த மாப்பிள்ளைத் தம்பி இருந்தாரு, சரி நம்மளைவிட ஒருத்தர்னு மனசு ஆறுச்சு. இப்ப அவரும் போயிட்டாரு."

இறந்துபோனவரைப் பற்றிப் பேசுவது மாதிரி சொல்லிவிட்டுப் போனார். நான் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு நேரே மாப்பிள்ளை அறைக்குப் போனேன். நான் கேட்டது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஒரு செயலாளன் வேறு என்ன கேட்பான்?

"மாப்பிள்ளை, அந்தத் திருகைச் சரி பண்ணுங்க."

அவர் ஒரு மேல் தாடையை வைத்து மெருகேற்றிக்கொண்டிருந்தார். மோட்டாரை நிறுத்தினார். "எதுக்கு மச்சான்?"

"பழையபடி திருப்புறதுக்கு. அந்தம்மா போறேங்கிறாங்க. குழிக்கு ஆள் இல்லை. நீங்க பழையபடி கடைசில வந்தீங்கன்னா எல்லாம் சரியாயிடும்."

கையில் இருந்த தாடையைக் கீழே வைத்தார். துப்பாக்கி மூலையில் சாத்தியிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்து, சின்ன துளைப்பானைத் திருகுக்கு நேரே பிடித்தார். மோட்டாரைப் போட்டால் இரண்டு நிமிட வேலை. போடவில்லை. துளைப்பானையும் கீழே வைத்துவிட்டார்.

"மச்சான், ஒரே ஒரு தடவை. இந்த வருஷக் கப்பை மட்டும் ஒரு தடவை வாங்கிடுறேன். அப்புறம் ஆயுசு முழுக்கக் கடைசியா வர்றேன், நீங்க சொன்னபடி." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஆசையா இருக்கு மச்சான்."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. கடைசியில் வருவது அவருக்குப் பிடித்திருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். கப்பு வேண்டும் என்று அவரும் எங்களைப் போலத்தான் ஆசைப்பட்டிருக்கிறார்.

பதில் சொன்னது என் தங்கை. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஏண்ணா, உனக்குக் கொஞ்சமாவது இருக்கா? ஊர்ல எவன் எவனோ சிரிக்கிறதுக்கு என் புருஷன்தான் கெடச்சாரா? கடைசில வர ஆள் வேணும்னா நீ வா. அதுக்கு நீ தனியா முயற்சிகூடப் பண்ண வேணாம்."

நான் கடைசியிலிருந்து மூன்றாவதாக வருகிறவன். அதை இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வருடப் போட்டியன்று காற்று கன்னாபின்னாவென்று இருந்தது. டிரைவரம்மா சொன்ன சொல் தவறாமல் வந்தார். கிளப் கோட்டு துவைத்து இஸ்திரி போட்டு மடித்துப் பையில் இருந்தது. கடைசித் தடவை அதைப் போட்டுக்கொள்ள மடிப்பைக் கலைத்தபோது அவருக்கே மனசில்லை. ஆறாம் எண்ணில் மாப்பிள்ளை, ஏழாம் எண்ணில் டிரைவரம்மா. இரண்டு பேருக்கும் பின்னால் உட்கார்ந்து புள்ளி போட வேண்டியவன் நான்.

சுட்ட உடனே, டார்கெட் இறங்குவதற்கு முன்னால், குண்டு எங்கே போயிருக்கும் என்று சுட்டவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பயிற்சி. விசையை அழுத்துகிற நொடியில் குறி எங்கே இருந்தது என்று சுட்டவருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லிப் பழகினால்தான் கை தேறும். மாப்பிள்ளை அன்று ஒவ்வொரு குண்டுக்கும் சொன்னார். சொன்ன இடத்திலேயே சில்லும் வந்தது. டிரைவரம்மாவும் ஒவ்வொரு குண்டுக்கும் சொன்னார். "தெரியலை தம்பி." சிவப்புக் கொடி. "தெரியலை தம்பி." ஓரத்தில் ஒரு சில்லு. "நிஜமாவே தெரியலை தம்பி."

வக்கீல் சுட்டு முடித்துவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு மீதி ஒரே தோட்டா. ஐந்து விழுந்தால் கப்பு அவருக்கு. வேறு எது விழுந்தாலும் வக்கீலுக்கு.

மாப்பிள்ளை காத்திருந்தார். காற்றுக் கொடி பழைய சாய்வுக்கு வரவில்லை. காத்திருந்தார். செயலாளன் பட்சபாதம் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன். அந்த ஐந்து விழுந்தே ஆக வேண்டும் என்று எனக்கு இருந்தது.

கொடி பழையபடி சாய்ந்தது. சுட்டார். அதே நொடியில் பக்கத்தில் டிரைவரம்மாவும் தன் கடைசிக் குண்டைச் சுட்டார்.

"போச்சு" என்றார் மாப்பிள்ளை. "இழுத்துட்டேன். வலப்பக்கம், கீழ. மூணுதான்."

"இது நல்லாப் போச்சு தம்பி" என்றார் டிரைவரம்மா. அன்றைக்கு முதல் தடவையாக அவர் 'தெரியலை' சொல்லவில்லை. "இது எனக்குத் தெரிஞ்சுது. நடுவுல போச்சு."

ஏழாம் டார்கெட் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதற்கு அடியிலிருந்து சிவப்புக் கொடி ஆடியது. டிரைவரம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. அவர் துப்பாக்கியைக் கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆறாம் டார்கெட் இறங்கியது. வழக்கத்தைவிட அதிக நேரம் கீழேயே இருந்தது. மேலே வந்தபோது அதில் இரண்டு சில்லுகள். ஒன்று வலப்பக்கம் கீழே, மூன்றில். இன்னொன்று நட்டநடுவில்.

பக்கத்து டார்கெட்டைச் சுட்டுவிடுவது எங்கள் விளையாட்டில் மட்டுமே நடக்கிற கூத்து. அந்தத் தூரத்தில் எல்லா டார்கெட்டும் ஒரே மாதிரி நிற்கும். பதற்றத்தில் கண் ஒன்று தள்ளிப் போய்விடும். அதற்குச் சட்டமும் இருக்கிறது. தவறிச் சுட்டவருக்குப் பூஜ்யம். டார்கெட்டுக்கு உரியவருடைய குண்டு எது என்று தெரியாவிட்டால், இரண்டில் பெரியது அவருக்கு.

பெரியது என்றால் ஐந்து. ஐந்து என்றால் கப்பு. நான் புள்ளியைப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை ஒன்றுமே செய்ய வேண்டாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா படுத்திருந்தாலே போதும்.

அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்தார்.

"அக்கா! அந்த நடு உங்களுது. உங்க குண்டு அக்கா அது. பாருங்க, கண்ணாடில பாருங்க. நட்டநடுவுல வச்சிருக்கீங்க."

சொந்த டார்கெட்டில் அடுத்தவர் போட்ட ஓட்டைக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. வக்கீல் முன்னால் வந்தார். அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சட்டம் என்று வந்துவிட்டால் அவருக்குத் தன் கட்சி, எதிர்க்கட்சி கிடையாது.

"ஒரு நிமிஷம். உங்க குண்டு போறதை நீங்க பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப எது உங்களுதுன்னு தெரியாது. தெரியாட்டிப் பெருசு உங்களுக்கு. கப்பு உங்களுக்கு. பிச்சையா வர்ற கப்பை நான் வாங்கிறதில்லை."

"தெரியுங்க. சுடறப்பவே தெரிஞ்சுது. வலப்பக்கம் கீழன்னு நான் சொன்னேனே. மச்சான் கேட்டாரே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "காத்து அடிச்சுது, எனக்குச் சரியாக் கேக்கலை" என்றேன். என் வாழ்க்கையில் நான் அவருக்குச் செய்ய நினைத்த ஒரே நல்ல காரியம் அது. மாப்பிள்ளை அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

"மச்சான், உங்களுக்குக் காது நல்லாத்தானே இருக்கு. மூணுன்னு போடுங்க."

டிரைவரம்மா இதற்குள் தொலைநோக்கியில் கண்ணை வைத்துவிட்டார். எங்கள் வாதம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அப்ப அது என்னோடதா தம்பி?"

"உங்களுதுதான் அக்கா."

"மார்க்கு?"

"மார்க்கு பூஜ்யம்க்கா."

"பூஜ்யம் கெடக்குது" என்றார். "நடுவுல போச்சுன்னு நான் சொன்னேன்ல? போயிருக்குல்ல?" மறுபடியும் பார்த்தார். குழியில் இருந்தவர்கள் டார்கெட்டை இறக்கலாமா என்று போன் செய்து கேட்டார்கள். கொஞ்சம் பொறு என்றேன்.

நான் மூன்று போட்டேன். பேனா அந்த எண்ணை எழுத ஒத்துழைக்கவே இல்லை.

அன்று முடிவுகளை வாசித்தபோது முதல் பெயர் டிரைவரம்மாவுடையது. அவருக்கு மேலே இருந்தவருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பேருந்தே போகலாம், அவ்வளவு இடைவெளி. நான் வாசித்ததை அவர் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம் அந்த ஒரு குண்டைப் பற்றி, விசையை எப்படி அழுத்தினார் என்று கையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். வக்கீல் கப்பை வாங்கும்போது, தன் ஆட்சேபத்தைப் பதிவு செய்யும்படி என்னிடம் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

நாங்கள் காரில் ஏறினபோது டிரைவரம்மா ஜன்னலுக்கு வந்தார். கோட்டு அவர் உடம்பில்தான் இருந்தது.

"தம்பி, அடுத்த வாரம் எத்தனை மணிக்கு?"

"நிறுத்திக்கிறேன்னு சொன்னீங்களேம்மா."

"சொன்னேன். அப்ப எனக்கு வரலைன்னு நெனச்சேன். வருதே." மாப்பிள்ளையைப் பார்த்து, "ஆனா ஒண்ணு தம்பி, நம்ம டார்கெட்டு எது, உங்க டார்கெட்டு எதுன்னு கொஞ்சம் பெருசா எழுதி வைக்கச் சொல்லுங்க" என்றார். வண்டியை எப்படிப் பின்னால் எடுக்க வேண்டும் என்று எனக்குக் கை காட்டி வழி சொல்லிவிட்டுப் போனார்.

சாலைக்கு வந்து கொஞ்ச தூரம் போனோம். மாப்பிள்ளை துப்பாக்கிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கேலி செய்ய எனக்கு எப்போதும் ஏதாவது கைவசம் இருக்கும். அன்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

"மச்சான்."

"சொல்லுங்க."

"பேசாம இருந்திருக்கலாமோ?"

"இருந்திருக்கலாம்."

"கப்பு வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்."

தலையாட்டினார். "அந்தம்மா மறுபடி வந்திருக்க மாட்டாங்க" என்றார்.

"மாட்டாங்க."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் குரல் உடைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது.

அடுத்த திருப்பத்தில் அவர் வீடு. இவர் கப்போடு வருவார் என்று என் தங்கை வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள், எனக்குத் தெரியும். அழுத முகத்தோடு இவர் போய் இறங்கினால் அவளும் அழுவாள். நான் அந்தத் திருப்பத்தில் திரும்பவில்லை. பெட்ரோல் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, டேங்க் நிறைய பெட்ரோலோடு, ஊரைச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டினேன்.